ராகுகாலத்துக்கு மூன்று நிமிடம் முன்

எங்கள் கட்டடத்தில் யாருடைய கைத்தொலைபேசி அடம்பிடித்தாலும் முதலில் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். நான் அந்தத் தொழில் படித்தவன் இல்லை. பின்னேரங்களில் அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். காலை முழுக்க வீட்டில் இருப்பவன். எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராதவன். இந்த மூன்றும் சேர்ந்ததால், வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் எனக்குப் போன் வைத்தியர் என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமை என்ன செய்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கீழ்மாடியில் ஒரு தம்பதி. பிள்ளைகள் இல்லை. அவரை நான் அண்ணை என்பேன், அவருடைய மனைவியை அக்கா என்பேன். அண்ணை நாற்பது வருடம் புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தவர். தொண்டை பெரிது. அவர் மூன்றாம் மாடியில் தும்மினால் ஐந்தாம் மாடிக்குக் கேட்கும். இரண்டு வருடத்துக்கு முன் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். அந்தக் கூட்டத்தில் அவருடைய போனை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உயிர் தப்பியது, வலது கை தப்பவில்லை, பேச்சும் தப்பவில்லை. சொல்வதெல்லாம் விளங்கும். பதில் சொல்லப் போனால் ‘ம்’ வரும், ‘அது’ வரும். வேறு ஒன்றும் வராது.

ஆனால் அக்காவின் போனில் அண்ணை பேசிக்கொண்டிருந்தார். நலமாக இருந்த காலத்திலும் அவருக்கு எழுத்து அடித்து அனுப்பப் பொறுமை கிடையாது. கடை விட்டதும் ஒரு குரல் செய்தியை அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிடுவார். “வெளிக்கிட்டிட்டன். பாண் வேணுமோ?” “மீன் வாங்கேல்லை, கெட்டுப்போய்க் கிடக்கு.” “மழை வரப்போகுது, உடுப்பை எடும்.” வருடக்கணக்கில் இப்படி, பேக்கரிப் பாணும் மீனும் மழையுமாக நூற்றுக்கணக்கான செய்திகள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இதைக் கேட்டுவிட்டு, வேறு எதுவும் வேண்டாம், அவருடைய சொந்தக் குரலையே போட்டுக் காட்டி அதன்கூடவே சொல்லச் சொல்லுங்கள் என்றிருக்கிறாள். தினமும் காலைத் தேநீருக்குப் பிறகு அக்கா அதைப் போடுவார். நாலு மாதத்தில் அண்ணை ‘பாண்’ என்று தெளிவாகச் சொன்னார். அன்று அக்கா மேலே ஓடிவந்து என் கையில் ஒரு துண்டுக் கேக்கைத் தந்துவிட்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் போன் ஒரு வியாழக்கிழமை, அண்ணையைக் குளிப்பாட்டும்போது வாளிக்குள் விழுந்தது. அக்கா அதை அரிசிக்குள் புதைத்துப் பார்த்தார். விசிறிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். கடைசியில் காலி வீதிக்குப் போய்ப் புதியது ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு மணி அடித்தது.

“தம்பி, மற்றது எல்லாம் போனாலும் காரியமில்லை. அவரிட வொய்ஸ் மட்டும் வந்தாக் காணும்.”

“அது மேல ஏறியிருக்கும் அக்கா. இப்ப இறக்கித் தாறன்.”

“பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் தொடங்கிட வேணும். எட்டு மணிக்கே வந்திருப்பன், விளக்கு வைச்சு, பூ எடுத்து, அவருக்குச் சாப்பாடு குடுத்து... பிந்திப் போச்சு.”

நான் சிரித்தேன். ராகுகாலம் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு இளக்காரம். எனக்கோ பதினொரு மணிக்குள் வெளிக்கிட வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் மைத்துனர் புது வீட்டில் குடிபுகுந்திருந்தார். மத்தியானச் சாப்பாடு அங்கே. மூன்று மணிக்கு வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

வேலை சிக்கலானது அல்ல. அக்காவின் கணக்கைப் புதிய போனில் போட்டேன். செய்திச் செயலியை இறக்கினேன். அவருடைய இலக்கத்தைக் கொடுத்ததும், இணையத்தில் பழைய சேமிப்பு ஒன்று இருக்கிறது, மீட்கவா என்று அது கேட்டது. மீட்கச் சொன்னேன். நூற்றுக்கு ஒன்று, இரண்டு, பத்து என்று வீதம் ஏறியது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்றில் நின்றது.

நின்றது நின்றதுதான். வைஃபையை நிறுத்திப் போட்டேன். என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். சிக்னல் நன்றாக இருக்கும் என்று பல்கனிக்குக் கொண்டுபோனேன். திகதி, நேரம் சரியா என்று பார்த்தேன். போனை அணைத்து எழுப்பி மறுபடியும் தொடங்கினேன். மறுபடியும் முப்பத்தொன்று. நேரம் பத்து இருபத்தைந்து. பொறுமையாக ஒரு மணித்தியாலம் விட்டிருந்தால் அது தானாக ஏறியிருக்கும். அப்படி எத்தனையோ பேருடைய போனில் ஏறியிருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

“தம்பி, பத்தரைக்கு முதல் ஒரு மெசேஜாவது போனாக் காணும். தொடங்கினதாக் கணக்கு.”

திரையின் கீழே ‘தவிர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் பழையது எதுவும் இல்லாமல் செயலி வெறுமையாகத் திறக்கும். இப்போது தவிர்த்தால் பிறகு மீட்க முடியாது என்று எச்சரிக்கையும் வந்தது. அந்த எச்சரிக்கைக்கு ஒரு குறுக்குவழி உண்டு: அன்றைக்கே செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் பழைய சேமிப்பை அது திரும்பவும் கேட்கும். பின்னேரம் வந்து அதைச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு பத்து இருபத்தேழுக்குப் பொத்தானை அழுத்தினேன். அக்கா தன் சகோதரங்களின் குழுவுக்குப் பிள்ளையார் படம் ஒன்றை அனுப்பினார். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“வொய்ஸ் எல்லாம் வரும்தானே?”

“ஏன் வராமல்? பின்னேரம் வாறன்.”

அக்கா கேட்டதற்காகச் செய்தேன் என்று நான் சொல்லலாம். உண்மை அதுவல்ல. அவர் கேட்டது எனக்கு வசதியாக இருந்தது. ‘அக்கா, இது ராகுகாலத்தில் தொடங்கினாலும் பரவாயில்லை, இதை அப்படியே விடுவம்’ என்று ஒரு வசனம் சொன்னால் கேட்டிருப்பார். எனக்குச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

கொட்டாஞ்சேனையில் நன்றாகச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது மருதானையில் வாகன நெரிசல். ஓட்டோவுக்குள் இருந்துகொண்டே வகுப்பைத் தொடங்க வேண்டியதாயிற்று. வகுப்பு முடியத் தலை இடித்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கீழே போய் அக்காவின் போனை வாங்கி, செயலியை அழித்து, மறுபடி நிறுவினேன். சேமிப்பு இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. அதன் கீழே திகதி போட்டிருந்தது. அன்றைய திகதி. நேரம் விடியப்புறம் இரண்டு மணி. அளவு ஒரு படத்தின் அளவு. அந்தப் பிள்ளையார் படத்தின் அளவு.

அந்தச் செயலி ஒவ்வொரு இரவும் தன்னிடம் இருப்பதைத் தானாகவே மேலே அனுப்பி, பழைய சேமிப்பு இருந்த இடத்தில் புதியதை வைத்துவிடும். நிறைந்த பேணியைக் கொட்டிவிட்டு வெறும் பேணியை மூடி வைப்பது போல. நான் கொட்டாஞ்சேனைப் பாயாசத்தின் மயக்கத்தில் படுத்திருந்த நேரத்தில் அண்ணையின் குரல் முழுவதும் அழிந்துவிட்டிருந்தது. அதையும் நான் அறியாதவன் அல்ல. இந்த ஒழுங்கையில் பத்துப் பேருக்காவது அதை விளக்கிச் சொன்னவன் நான்தான்.

‘கொஞ்சம் வேலை இருக்கு அக்கா’ என்று சொல்லி போனை மேலே கொண்டுவந்து இரண்டு மணித்தியாலம் அதோடு மாரடித்தேன். கணக்குக்குள் போய்ப் பழைய பிரதி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நனைந்த போனை ஒரு பையில் போட்டுக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். போன் திருத்தும் சிங்களவர் அதைத் திறந்து கண்ணாடி போட்டுப் பார்த்தார். “பே அய்யே, போர்ட் எக இவரய்” என்றார். முடியாது அண்ணே, உள்ளே இருக்கும் பலகையே முடிந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பி வரும் பஸ்ஸில் அக்காவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். ‘என் பிழை’ என்று ஒவ்வொரு தடவையும் தொடங்கி, பம்பலப்பிட்டி வரும்போது அது ‘சேமிப்பில் ஏதோ பிழை’ என்று மாறியிருந்தது.

“அக்கா, அது மேலயே பழுதாப் போயிருக்கு. ஒண்டும் வரேல்லை.”

அவர் அண்ணை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நேற்று முப்பத்தொண்டு மட்டும் வந்ததெல்லே?” என்றார்.

நான் போனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான் தம்பி. பிந்தி வந்தனான். பத்தரைக்குள்ள முடியேல்லை. ராகுகாலம் பட்டிட்டுது.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான். “இருக்கலாம் அக்கா” என்றேன்.

ராகுகாலத்தைப் பார்த்துச் சிரிக்கிறவன், அகப்பட்டதும் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தைச் செய்துவிட்டுப் பழியையும் என் கையாலேயே தூக்கி ஒரு அப்பாவி மனுசியின் தலையில் வைத்தேன். அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த வியாழன் அக்கா மேலே வந்தார். பிழைக்குப் பரிகாரமாக ஒன்பது வெள்ளி விரதம் பிடிக்கப்போவதாகவும், ராகுகாலத்தில் கோயிலுக்குப் போய்த் துர்க்கை அம்மனுக்குத் தேசிக்காய் விளக்கு ஏற்றப்போவதாகவும் சொன்னார். “பத்தேகாலில இருந்து பன்னிரண்டு மட்டும் அவரோட ஒருக்கா இருக்க ஏலுமோ தம்பி? வேற ஆரை நான் கேக்கிறது?”

ஏலாது என்று எப்படிச் சொல்வது?

அப்படித்தான் என் வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. பாதியாக வெட்டிய தேசிக்காய்களையும் நெய்யையும் ஒரு சின்ன வாளியில் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு, அக்கா என் பிழைக்குப் பரிகாரம் செய்யப் போவார். நான் அவருடைய வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, என்னால் குரல் போன மனிதருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அண்ணை என்னையே பார்ப்பார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தோன்றும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். நான் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். கடற்கரை ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம் எனக்கு ஆறுதலாக இருக்கும், அவ்வளவு நேரமாவது மௌனம் இல்லையே என்று.

பயிற்சி நின்றுபோனது. அக்கா தன் குரலில் ‘பாண் வேணுமோ’ என்று சொல்லிப் பார்த்தார். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐந்தாவது வெள்ளி நான் போனபோது அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “இப்ப பாண் எண்டதும் வருகுதில்லை தம்பி.”

இனி நான் மறைத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

அண்ணையின் குரல் என்னிடம் இருந்தது.

அவர் நலமாக இருந்த காலத்தில் நான் எங்கள் கட்டடச் சங்கத்துக்குச் செயலாளர். மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி. மோட்டரைப் போட்டுவிட்டு யாரும் நிறுத்த மாட்டார்கள். தாங்கி நிறைந்து வழிந்து, மூன்றாம் மாடிச் சுவரால் இறங்கும். அண்ணை எனக்கு அழைப்பார். நான் எடுக்க மாட்டேன். பிறகு குரல் செய்தி அனுப்பத் தொடங்கினார். எதைப் பற்றி என்று தெரியும். ஒன்றையும் கேட்கவில்லை. அவருடைய பெயர் கண்ணில் படாதபடி ஒதுக்கி வைக்கும் பகுதிக்குள் தள்ளிவிட்டேன். மற்றவர்களோடு நேரே பேசினால்தான் அவருக்குத் திருப்தி. குரல் செய்தி அனுப்பியது இரண்டே பேருக்கு. மனைவிக்கும் எனக்கும்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்தச் சனிக்கிழமை புறக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸிலேயே நினைவு வந்தது. தண்ணீர்ப் பிராது அக்காவுக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்காத செய்திக்கு ஒரு நிறம், கேட்ட செய்திக்கு இன்னொரு நிறம். அதை அவர்கள் இருவருக்கும் காட்டிக்கொடுத்தவனும் நான்தான். போனை நீட்டினால் நான் ஒன்றையும் கேட்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். அந்த வெட்கத்துக்காக ஏழு வெள்ளி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வெள்ளி, பதினொரு மணி இருக்கும். யன்னலுக்கு வெளியே தண்ணீர் சொரியும் சத்தம் கேட்டது. யாரோ மோட்டரை மறந்துவிட்டார்கள். நான் பத்திரிகைக்குள் இருந்தேன். அண்ணை “அது” என்றார். இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். “அது, அது.” ஓமண்ணை, ஆரும் நிப்பாட்டுவினம் என்றேன். அவர் விடவில்லை. கதிரையிலிருந்து முன்னுக்குச் சாய்ந்து என் சட்டைப் பையில், போன் இருந்த இடத்தில், விரலால் தட்டினார். இரண்டு தடவை. மூன்று தடவை.

நான் போனை எடுத்தேன். ஒதுக்கி வைத்த பகுதியைத் திறந்தேன். நாற்பத்து மூன்று செய்திகள், எல்லாம் கேட்காத நிறத்தில். அவர் திரையைப் பார்த்தார். நான் முதலாவதை அழுத்தினேன்.

“தம்பி, மேல தண்ணி வழியுது. ஒருக்கா மோட்டரை நிப்பாட்டுறீரோ?”

அந்தத் தொண்டை அறை முழுக்க நிறைந்தது. அண்ணையின் வாய் திறந்தது. அடுத்தது. “தம்பி, நேற்றும் சொன்னனான்.” அடுத்தது. “தம்பி, சுவரில பாசி பிடிக்குது, வந்து பாரும், தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போகலாம்.” ஒவ்வொன்றாக ஓடியது. கோபமாக, பகிடியாக, இருமலோடு, பின்னால் பஸ் ஹோர்னோடு. கடைசிச் செய்தி அவர் விழுந்ததற்கு முதல் நாள் வந்தது.

“தம்பி, நீர் ஒண்டும் கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நிறம் மாறேல்லை. நீர்தானே அதைக் காட்டித் தந்தனீர். எண்டாலும் சொல்லி வைக்கிறன். தண்ணி வழியுது.”

எனக்கு நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை மட்டும் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஏதோ விழுந்தது. அக்கா வாளியைக் கீழே போட்டிருந்தார். படியேறி வரும்போதே குரல் கேட்டிருக்கிறது. அண்ணைதான் பேசுகிறார் என்று நினைத்து ஓடிவந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. நெற்றியில் குங்குமம் வேர்வையில் கரைந்திருந்தது. என் கையில் இருந்த போனைக் கண்டதும் அவருடைய முகம் விழுந்த விதத்தை நான் எழுத மாட்டேன்.

உட்காரக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து இருபத்தேழு, அந்தப் பொத்தான், அந்த எச்சரிக்கை, கொட்டாஞ்சேனை. “ராகுகாலம் இல்லை அக்கா. நான்தான். நீங்கள் கேட்டதுக்காகவும் இல்லை. எனக்குப் போகவேண்டிய அவசரம். இதுகளும் அண்டைக்கே என்னட்ட இருந்தது.”

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் இவரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டனான், தெரியுமோ?” என்றார். “உங்கட குரலை நான் துலைச்சுப்போட்டன் எண்டு. ஒவ்வொரு வெள்ளியும் கேட்டிட்டுத்தான் வெளிக்கிடுறனான்.”

பிறகு தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “எல்லாத்தையும் இதுக்கு அனுப்பும்.”

நாற்பத்து மூன்றையும் அனுப்பினேன். வேறு இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்தேன். அதை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இனி என் சொல்லை நம்பாதவராக. அது நியாயம்தான். ஒரு மாதம் வரை என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். மிச்ச இரண்டு வெள்ளியும் கோயிலுக்குப் போனார், நேர்ந்தது நேர்ந்ததுதானாம். நானும் போய் இருந்தேன். பத்திரிகை கொண்டுபோகவில்லை.

பயிற்சி மறுபடி தொடங்கியது. மேல்மாடியில் காலையில் தேநீர் குடிக்கும்போது எனக்குக் கேட்கும். ‘பாண் வேணுமோ’ இனி இல்லை. அது போனது போனதுதான். அந்த வீட்டில் இப்போது நாள் தவறாமல் ஒலிப்பது என் மேல் அவர் வைத்த பிராது. “தம்பி, மேல தண்ணி வழியுது.” ஒரு தடவை, பத்துத் தடவை. இடையில் ஒரு கரகரத்த முனகல். கேட்கக்கூடாது என்று நான் அன்றைக்குத் தள்ளி வைத்ததை இப்போது தினமும் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு காலை அக்கா மேலே வந்து, கீழே வரும்படி கையைக் காட்டினார். போனேன். அண்ணை யன்னலோரம் இருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். போன் மேசையில் அணைந்து கிடந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

“தம்பி.” கொஞ்சம் இடைவெளி. “தண்ணி.” வாய் கோணியது. அக்கா உதவப் போகவில்லை. “வழியுது.”

வெளியே ஒரு சொட்டுத் தண்ணீரும் வழியவில்லை. மோட்டர் ஓடும் சத்தம்கூட இல்லை. நான் ஓமண்ணை என்று சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல், மொட்டைமாடி வரைக்கும் படியால் ஏறினேன். வெளிப்புறம் காய்ந்து கிடந்த தாங்கியைச் சுற்றிப் பார்த்தேன். மோட்டர் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், நிறுத்தித்தான் இருந்தது. மூச்சு வாங்க இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்று சொன்னேன்:

“நிப்பாட்டிட்டன் அண்ணை.”